பென்சில் வட்டம்

"இன்னிக்கு எத்தனை வட்டம்டி?" பக்கத்து மேஜை அக்கா குனிந்து கேட்டாள்.

"ஆறு," என்றாள் புதிதாகச் சேர்ந்தவள்.

கட்டட வரைபடம் போடும் அலுவலகம். அவள் வரைந்து அச்செடுத்துக் கொடுப்பாள். சரிபார்ப்பவர் தப்பைச் சுற்றி வட்டம் போட்டுக் கூப்பிடுவார். அவருக்கு அங்கே பெயரே 'வட்டம் சார்'.

"படிக்கட்டுல ஒரு படி குறையுது பாரும்மா. அந்த வீட்டுக்காரர் என்ன, தாண்டிக் குதிப்பாரா?"

மொத்த அறையும் சிரிக்கும்.

"மத்தவங்களுக்குச் சிவப்புப் பேனாவுல போடறார்க்கா. எனக்கு மட்டும் பென்சில். பேனா மைக்குக்கூட நான் லாயக்கில்ல போல."

"நீயா எதையாவது நினைச்சுக்காத."

நினைக்காமல் இருக்க முடியவில்லை. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. மூன்று மாதத் தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது. "வேலை நிரந்தரமாயிடுச்சா பாப்பா?" என்று அப்பா காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

மதியம் புகார் எழுதினாள். 'மூன்று மாதத்தில் நாற்பத்தொரு வட்டம். எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறார்.' மேலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், தாகமில்லாமலே மூன்று முறை தண்ணீர் குடித்தாள்.

நான்கு மணிக்கு அவளுக்கும் வட்டம் சாருக்கும் அழைப்பு வந்தது.

மேலாளர் முன்னால் தடிமனான கோப்பு. "திருத்தறதுக்கு முன்னாடி நீங்க எடுத்த முதல் அச்சு எல்லாம் இதுலதாம்மா இருக்கு. இதுல இருக்கற வட்டத்தை எண்ணித்தான் நிரந்தரம் பண்றோம். பத்தைத் தாண்டினா வீட்டுக்கு அனுப்பிடுவோம்."



மேலாளர் கடைசித் தாள்வரை புரட்டினார். "இதுல ஒரு வட்டம்கூட இல்லையே! நீங்களே நாற்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. எது நிஜம்?"

படிக்கட்டுத் தாள் மேலே திறந்திருந்தது. குறைந்த படிக்குப் பக்கத்தில், ரப்பர் தேய்த்த இடம் லேசாக மங்கியிருந்தது.

அவள் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

வட்டம் சார் முந்திக்கொண்டார். "புகார் நிஜம்தான் சார். தப்பே இல்லாத இடத்துல நான்தான் வட்டம் போட்டேன். அப்புறம் மனசு கேக்காம அழிச்சிட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல."

"இத்தனை வருஷ சர்வீஸுக்கு நீங்க பண்ற வேலையா இது? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

"சார், ஒரு நிமிஷம்."

மேலாளர் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். குறைந்த படியைச் சுற்றி அவள் போட்ட வட்டம் கோணலாக விழுந்தது.

"இது ஒண்ணு சார். மீதி நாற்பதும் எங்கெங்கேன்னு எனக்குத் தெரியும்."