இடது பக்கம்

பயிற்சி மேசையில் அவள் படுக்க வைத்ததும் குழந்தை வழக்கம்போல் முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டான்.

அங்கே நாத்தனார் நின்றிருந்தாள். உள்ளே வந்ததுமே ஓடிப்போய் அந்த இடத்தைப் பிடித்துவிட்டாள்.

இங்கேயும் ஆரம்பித்துவிட்டாளே என்று அவள் மனதுக்குள் கறுவினாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். கட்டிலில் குழந்தைக்கு இடது பக்கம், சுவரோரமாக அவள் படுத்திருப்பாள். வலது பக்க நாற்காலியில் நாத்தனார் வந்து உட்கார்ந்தால் போதும், பையன் அவளையே பார்த்துக்கொண்டு கிடப்பான். நாத்தனார் வராத நாளில் காலி நாற்காலியைப் பார்ப்பான். அதுதான் இன்னும் எரிச்சல். தேடுகிறானாம்.

இரண்டு மாதம்கூட ஆகாதவனுக்கு என்ன தெரியும் என்று கணவன் சிரித்தான். எல்லாம் தெரியும், யாரோ பழக்குகிறார்கள் என்றே அவள் நினைத்தாள். தன்னை இவன் அம்மாவாக ஏற்கவே மாட்டானோ என்று பயந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் குழந்தையின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். இடது பக்கத் தசை இறுகியிருக்கிறது, பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். தலை இடது பக்கம் சாய்ந்து முகம் வலது பக்கம் போவது அதனால்தான். இடது பக்கம் திரும்ப அவனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? நாத்தனார் இவளிடமும் முன்பே பேசிவைத்தாளோ என்று அவளுக்குத் தோன்றியது.

"வயித்துல இருக்கும்போது தண்ணி கம்மின்னு சொன்னாங்களா?" என்று பிசியோதெரபிஸ்ட் அவளைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

நாத்தனார்தான் பதில் சொன்னாள். கடைசி மாதங்களில் தண்ணீர் குறைவு, பையன் விலாவுக்குக் கீழே ஒரே பக்கமாக ஒடுங்கிக் கிடந்தான், புரளவே இல்லை. சொல்லும்போது அவளுடைய கை தானாக வயிற்றுக்குப் போனது.

குழந்தை வேண்டி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி ஓய்ந்துபோன அண்ணனுக்கும் அண்ணிக்கும், தன் மூன்றாவது பிள்ளையைப் பெற்ற கையோடு தூக்கிக் கொடுத்தவள்.

பிசியோதெரபிஸ்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா இடது பக்கம் நின்று கூப்பிட வேண்டும், குரல் கேட்டு அவனாகத் திரும்ப முயல்வான், அதுதான் முதல் பயிற்சி என்றாள்.

இருவரும் அசையவில்லை.

பிறகு நாத்தனார் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க கூப்பிடுங்க அண்ணி. நான் கூப்பிட்டா திரும்பிடுவான்."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நாத்தனார் சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் அவள் அப்படியே நம்பினாள்.