கோழி இறகு

"கண்ண மூடிக்கம்மா. நான் எங்க தொடுறேனோ அங்க வெரல வைய்யி" என்கிறார், தொழுநோய் ஆய்வுக்கு ஊருக்குள் வந்திருக்கும் ஆரோக்கியசெல்வம். முருங்கை மரத்தடியில் முக்காலிமேல் உட்கார்ந்து மலர்க்கொடி கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். இடது முன்கையில் எட்டணா அகலத்துக்கு வெளுத்த தேமல். அதில் உணர்ச்சியில்லை என்பது அடுப்படியில் தாயும் மகளும் ஊசியால் குத்திப் பார்த்து அறிந்த ரகசியம். "நான் இருமுனா தேமல்ல வெரல வச்சிரு" என்று சொல்லிவைத்துவிட்டுத்தான் மகளுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள் வேம்பு. தையில் கல்யாணம். "மாத்திர சாப்ட்டா சரியாயிரும், பயப்படாதீங்க" என்று அவர் வந்ததுமே சொல்லிவிட்டார். மாத்திரைக்கு நோய் அடங்கும். ஊர் வாய் அடங்குமா?

அவர் கையிலிருக்கும் கோழி இறகு மணிக்கட்டைத் தொடுகிறது. மலர்க்கொடியின் விரல் தானாக அங்கே போகிறது. முழங்கையைத் தொடுகிறது, அதுவும் சரி. தேமலின்மேல் மெல்லப் படுகிறது. வேம்பு இருமுகிறாள், விரல் தேமலில் வந்து விழுகிறது. ஆரோக்கியசெல்வம் தலை நிமிரவில்லை. இறகை மறுபடி தூக்குகிறார். அந்நேரம் பார்த்து செந்துறை பஸ் தெருப்புழுதியை வாரி வாசலில் கொட்டிவிட்டுப் போகிறது. வேம்புக்குத் தொண்டை கமறுகிறது. முந்தானையை வாயில் திணிக்கிறாள், மூச்சைப் பிடிக்கிறாள், கண்ணில் நீர் முட்டுகிறது. கடைசியில் இருமல் வெடித்தே விடுகிறது.

மலர்க்கொடியின் விரல் தேமலில் போய் அழுந்துகிறது. இறகு இன்னும் ஆரோக்கியசெல்வத்தின் கையில், அந்தரத்தில்தான் நிற்கிறது.

"சரிதானுங்களா சார்?" என்கிறாள் அவள், கண்ணைத் திறக்காமலே.