ஒரு இட்லிகூட விற்காத வெப்சைட்

“நாலாயிரத்து அறுநூறு பேர் வந்து பாத்துட்டுப் போயிருக்கறாங்க. ஒருத்தனாச்சும் ஒரு இட்லி வேணும்னு கேட்டானுங்களா?”

கம்ப்யூட்டர் திரையின் அடியில் இருந்த வருகை எண்ணிக்கையை வெள்ளியங்கிரி விரலால் குத்திக் காட்டினார். கோயம்புத்தூர்க்காரர் ஆகையால், ஆளைக் கிழிக்கும்போதும் அந்த ‘ங்க’ மட்டும் தவறாது.

எதிரே நின்ற ஷம்சுதீன் அந்த எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அவர் எழுதித் திறந்து வைத்திருந்த இமெயிலைப் பார்த்தான். ‘ஷம்சுதீனிடம் வெப்சைட் செய்து ஏமாறாதீர்கள்’ என்று தலைப்பு. அமெரிக்காவில் டாலஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முந்நூறுக்கும் போவதற்குத் தயாராக இருந்தது.

டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்ததில் அவனுக்கு வேலை போய் ஒன்றரை வருஷம். சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்துத்தான் வீடு நடந்தது. இந்த இமெயில் போனால் அதற்கும் பூட்டு.

“அண்ணே, டாலஸ்ல தமிழ் கேட்டரிங்னு சர்ச் பண்ணா நீங்கதான் ஃபர்ஸ்ட் வர்றீங்க.”

“ஃபர்ஸ்ட் வந்து என்னங்க பண்றது? தீபாவளிக்கு இன்னும் பத்தே நாளு. கிச்சனை வாடகைக்கு எடுத்துட்டு ஈ ஓட்டிட்டிருக்கறேன். அந்த இன்னொரு கேட்டரிங்காரன் சேனாபதியைப் பாருங்க. வெப்சைட்ல கருப்புல மஞ்சள் எழுத்துப் போட்டு மினுக்கிட்டிருக்கறான். அவனுக்கு போன் ஓயறதில்லை!”

வெள்ளியங்கிரி கிச்சன் எடுத்த கதை ஊருக்கே தெரியும். பதினேழாம் நம்பர் கிச்சன் பெரியது, வெளிச்சமானது, வாடகையும் குறைவு. அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு, ஜன்னல்கூட இல்லாத இருபத்து மூன்றாம் நம்பரைத் தேடிப் பிடித்தவர் அவர். வியாபார மூளை அப்படி.

வெப்சைட்டிலும் அந்த மூளை வேலை செய்திருந்தது. திறந்ததும் நாதஸ்வரம் முழங்கும். கோட்டு போட்ட வெள்ளியங்கிரி கும்பிட்டபடி மூன்று சுற்று சுற்றுவார். அவர் சுற்றி முடித்த பிறகுதான் இட்லியும் தோசையும் தலைகாட்டலாம். மளிகைக் கடைகளில் ஒட்டிய நோட்டீஸிலும் வெப்சைட் விலாசத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. “எல்லாரும் வந்து என்னைப் பாக்கட்டுமுங்க” என்றார்.

“மேல பெரிசா போன் நம்பர் போட்டே ஆகணும்ண்ணே” என்று ஷம்சுதீன் ஒரு வாரம் மன்றாடினான். அந்த ஒன்றுக்குத்தான் அவர் இறங்கிவந்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி பூங்கொடி வந்தாள். சமையல் எல்லாம் அவள் பொறுப்பு, கோட்டு மட்டும் அவர் பொறுப்பு. வியாபாரத்துக்கென்றே தனியாக வாங்கி, குங்குமம் வைத்திருந்த செல்போனை மேஜைமேல் வைத்தாள்.

“போன் கெட்டுப்போச்சோன்னு தெனமும் வீட்டு போன்லருந்து நானே அடிச்சுப் பாக்கறனுங்க தம்பி. நல்லாத்தான் அடிக்குது. நான் ஒருத்திதான் அடிக்கறேன்.”

“கேட்டீங்களா? போன் மேல தப்பில்லைங்க. போட்ட ஆள் மேலதான் தப்பு.” வெள்ளியங்கிரியின் கை மவுஸுக்குப் போனது.

“ஒரு நிமிஷம்ண்ணே!”

ஷம்சுதீன் தன் செல்லை எடுத்தான். திரையின் உச்சியில் கொட்டை எழுத்தில் இருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்தது. மேஜைமேல் இருந்த போன் வாயைத் திறக்கவில்லை.

“நோ இட்லி!” என்று ஓர் அமெரிக்கக் கிழவியின் குரல் அலறியது.

இந்தப் போன் வாங்கிய நாளிலிருந்து இதே தொல்லை, நேற்று மட்டும் பதினோரு பேர், ஒருவன் நூற்றைம்பது பேர் கல்யாணத்துக்குச் சாப்பாடு கேட்டு அழாத குறை என்று அவள் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளிவிட்டு வைத்தாள்.

பூங்கொடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நூத்தம்பது பேரா?”

வெள்ளியங்கிரியின் முகத்தில் வருத்தத்தைவிட வெற்றிதான் அதிகம் தெரிந்தது. “பாத்தீங்களா! ஊரான் நம்பரைப் போட்டு என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே! இருங்க, இதையும் அந்த இமெயில்ல சேத்துடறேன்.”

ஷம்சுதீன் பையைக் கவிழ்த்துக் கொட்டி ஒரு காகிதத்தைத் தேடி எடுத்தான். வெப்சைட்டில் என்னென்ன வரவேண்டும் என்று வெள்ளியங்கிரியே தன் கையால் எழுதிக் கொடுத்த காகிதம் அது. அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வோர் எண்ணாக உரக்கப் படித்தான். பத்தும் அச்சு அசலாகப் பொருந்தின.

“இது உங்க கையெழுத்துதானே அண்ணே?”

வெள்ளியங்கிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு, உலக விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல ஷம்சுதீனைப் பார்த்துச் சிரித்தார்.

“அந்த நம்பரைக் கூட்டினா எட்டு வருதுன்னு, வெப்சைட் தொறந்த மறுநாளே மாத்திட்டனுங்களே!”