எந்த வயலுக்கு?

சாயப்பட்டறைகளை ஒட்டி ஓடும் வாய்க்காலின் அடியில் முப்பது வருஷமாகக் கிடந்தது ஒரு சேறு. பச்சை, நீலம், சிவப்பு என்று வந்த கழிவையெல்லாம் விழுங்கிக்கொண்டு, வண்டல் அள்ள யாராவது வருவார்களா என்று காத்திருந்தது. அதன் முன்னோர் எல்லாரும் கோடையில் வயலுக்குப் போனவர்கள்.

ஒருநாள் பொக்லைன் வந்தது. அள்ளி லாரியில் கொட்டியது.

"எந்த வயலுக்குண்ணே போறோம்? நெல்லா, கரும்பா?" என்று லாரியிடம் கேட்டது சேறு.

அது பட்ட இடத்தில் புல்கூட முளைக்காது என்று லாரிக்குத் தெரியும். "கொஞ்ச தூரந்தான்," என்றது.

ஊருக்கு வெளியே, பிளாஸ்டிக் விரித்த பெரிய குழி. கடைசி நடையும் கொட்டியானதும் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். லாரி கிளம்பும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் மேல் படபடவென்று சத்தம்.

"அண்ணே, மேலே காலடிச் சத்தம் கேக்குதே! நாத்து நட ஆளுங்க வந்துட்டாங்களா?"

லாரி ஒரு தரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டது.

"வந்துட்டாங்க. நீ மட்டும் அசையாமக் கிட."