மழவரையனின் கடைசி வாரம்

“மழவரையரைக் கொன்னுடாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

மாலை வகுப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஜெயராஜ், கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டான். வாசலில் ஒரு பெண் மழையில் நனைந்த சேலையோடு இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றாள்.

“நீங்க யாரும்மா?”

“என் பேரு லெட்சுமி சார். கிள்ளான்லேருந்து வரேன். பத்திரிகை ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி உங்க அட்ரஸ் வாங்கினேன்.”

மழவரையன், ஜெயராஜ் வார இதழில் எழுதிவரும் தொடர்கதையின் நாயகன். சோழர் கப்பலில் கடாரத்துக்கு வந்த வீரன். ரத்தக்காட்டேரி ஒன்று கடித்ததில் தானும் காட்டேரியாகி, சாவே இல்லாமல் பல நூறு ஆண்டுகளாக வாழ்பவன். ஆனால் நல்லவன். யார் கழுத்திலும் பாயமாட்டான். மனமுவந்து கொடுப்பவர்களிடம் மட்டும் ரத்தம் வாங்கிக் குடித்துவிட்டு, அந்தப் பலத்தில் ஊரைக் காப்பாற்றுவான். மலாக்காக் கோட்டையில் சண்டை போட்டு முடித்து, இப்போது ஜப்பான்காரன் காலத்துச் சயாம் ரயில்பாதைக்கு வந்திருந்தான். அடுத்த வாரம், தொழிலாளர்களைக் காப்பாற்றப் பட்டப்பகலில் வெளியே வந்து, வெயிலில் எரிந்து சாம்பலாகப் போகிறான்.

இந்தக் கதையை யாராவது படிக்கிறார்களா என்பதே ஜெயராஜுக்குச் சந்தேகம். “போதும் தம்பி, முடிச்சுடுங்க” என்று ஆசிரியர் சொன்னபோது மறுபேச்சுப் பேசவில்லை. ‘அடுத்த இதழில் மழவரையன் முடிவு’ என்று கொட்டை எழுத்தில் அறிவித்தும் ஆகிவிட்டது.

“உள்ள வந்து உக்காருங்கம்மா. வெறும் கதை. இதுக்காகவா பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் அலைஞ்சீங்க?”

“உங்களுக்குத்தான் சார் கதை. நீங்க எழுதுறது பூராவும் உண்மை.”

அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை என்பதை ஜெயராஜ் அப்போதுதான் கவனித்தான். அடுப்படியிலிருந்து அவன் அக்கா இராஜம்மா எட்டிப் பார்த்தாள்.

“எதும்மா உண்மை?” என்று கேட்டான் ஜெயராஜ்.

“ரத்தம் உள்ள போனதும் மழவரையருக்கு உதடு செவந்து, கண்ணு பளபளன்னு ஆகி, சோர்வெல்லாம் பறந்து போகும்னு எழுதியிருந்தீங்களே? அச்சு அசலா அப்படித்தான். மாசாமாசம் கிட்ட இருந்து பாக்கிறேன்.”

“எங்க பாக்கிறீங்க?” ஜெயராஜ் ஓரடி பின்வாங்கினான்.

“எங்க வீட்டுலயும் ஒரு ஆளு இருக்கு சார். ரத்தம் இல்லன்னா உயிர் நிக்காது. வெளிய சொல்லிக்கிறதில்ல. தெரிஞ்சா சொந்தக்காரங்களே ஒதுங்கிப் போயிடுறாங்க.”

அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டபோது, முழங்கையின் உட்பக்கத்தில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்டர் தெரிந்தது. ஜெயராஜின் பார்வை அங்கே போனதைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு நானும் கொடுத்தேன் சார்” என்றாள் சர்வசாதாரணமாக.

இராஜம்மா தம்பியின் சட்டையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்தாள்.

“டேய், இதெல்லாம் எழுதாதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல? முருகன் கதை எழுதியிருந்தா மயில் வந்திருக்கும். இப்ப எது வந்திருக்குன்னு பாரு!”

“மெதுவாப் பேசுக்கா, கேக்கப்போவுது.”

“கோப்பி கலக்கவா, இல்ல என் கழுத்தக் காட்டவா? கேட்டுச் சொல்லு!”

ஜெயராஜ் திரும்பி வந்து, அவளிடமிருந்து சற்றுத் தள்ளியே நின்றான்.

“ஆசிரியர் முடிக்கச் சொல்லிட்டாரும்மா. நான் புது ஆளு. என் பேச்சு அங்க எடுபடாது.”

லெட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“அப்படிச் சொல்லாதீங்க சார். அந்த அறிவிப்பப் படிச்சதுலேருந்து எங்க ஆளுக்குச் சோறு தண்ணி எறங்கல. ‘மழவரையரே சாகப்போறாரு, எனக்கு மட்டும் எதுக்கு ரத்தம்’னு ஒரே பிடிவாதம். உங்ககிட்ட நேர்ல வந்து கேக்கிறேன்னு சத்தியம் பண்ணினதாலதான் இன்னைக்கு மட்டும் ஒத்துக்கிச்சு. அடுத்த மாசம் வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன சார் செய்வேன்?”

“கொல்லலன்னு சொல்லித் தொலையேன்லா!” அடுப்படியிலிருந்து இராஜம்மாவின் குரல் வந்தது.

“சரிம்மா, சரிம்மா. மழவரையன் சாகமாட்டான். ஆசிரியர்கிட்ட நான் எப்படியாவது பேசிக்கிறேன்.”

லெட்சுமியின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

“நீங்க நல்லா இருக்கணும் சார். இந்த நன்றிய எந்த ஜென்மத்துலயும் மறக்கமாட்டேன். இதே வார்த்தைய நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்க. எங்க ஆளு வெளிய வேன்லதான் இருக்கு. மழவரையர் அழைக்காத வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டாராமே? நீங்க கூப்பிட்டாத்தான் வருமாம்.”

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

ஜெயராஜ் வாசலுக்கு வந்தான். மழை விட்டிருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. வேனுக்குள் ஓர் உருவம் அசைந்தது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “உள்ள... வாங்க” என்றான்.

வேன் கதவு திறந்தது. இடுப்பில் மர அடிக்கோலை வாளாகச் செருகிக்கொண்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி குதித்து இறங்கினாள்.

“என் மக சந்திரகலா சார். பொறந்ததுலேருந்தே இவ உடம்புல ரத்தம் ஊறல, மாசாமாசம் ஆஸ்பத்திரியில ஏத்தணும்” என்றாள் லெட்சுமி. “முன்னெல்லாம் நாலு பேரு அமுக்கிப் பிடிச்சாத்தான் ஊசி போட முடியும்; உங்க கதையப் படிச்சுக் காட்டினதுலேருந்து, ‘குத்துங்க டாக்டர், நானும் மழவரையன்தான்’னு சிரிச்சுக்கிட்டே கைய நீட்டுறா!”