லினக்ஸ் ஏறிவிட்டது

"புது விண்டோஸ் உன் பழைய லேப்டாப்புல ஏறாதுலே. லினக்ஸ் போடு, பறக்கும்" என்று போன வாரமே சொல்லியிருந்தான் இசக்கி. இன்று சுனாபட்டியிலிருந்து போனில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தாராவி வீட்டில், மனைவியை இழந்த ஷாகிரின் விரல் என்டர் பட்டன் மேல் தயங்கி நின்றது. லேப்டாப்பில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது.

"பயமா இருக்குடா. அஸ்ரின் பேசுற வீடியோ பூரா இதுலதான் இருக்கு. அவ மவுத்தான பொறவு எனக்குன்னு மிச்சம் அதுதான்."

"பென் டிரைவ்ல காப்பி எடுத்தியா இல்லியா?"

"நேத்தே எடுத்தேன். திறந்தும் பாத்துட்டேன்."

"பொறவு என்னலே யோசனை? அமுக்கு!"

அமுக்கினான். இருபது நிமிடத்தில் புதுத் திரை மலர்ந்தது.

"ஏறிட்டு, இசக்கி!"

"நான் சொன்னேம்லா! இப்ப லினக்ஸ் பென் டிரைவ உருவிட்டு, காப்பி எடுத்த பென் டிரைவச் செருகு."

ஷாகிர் பென் டிரைவை உருவி, கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேக்குதாலே? அந்த இன்னொரு பென் டிரைவு."

"இன்னொண்ணு ஏதுடா? காலையில அதுலதான் லினக்ஸ ஏத்தினேன். உள்ள இருக்கறது அழியும், சரியான்னு கேட்டுச்சு. விண்டோஸத்தான் சொல்லுதுன்னு நெனச்சு ஓகே குடுத்தேன்."