மறுபடியும் அதே பக்கம்

மறுபடியும் அதே பக்கத்தைக் கிழித்திருந்தார்கள்.

போன முறையாவது ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்த்தியாக இருந்தது. இந்த முறை அவசரக் கை. தைத்த இடத்தில் கொஞ்சம் தாள் மிச்சம் நின்று பல்லை இளித்தது.

நூலக ஆசிரியை புத்தகத்தை மேசையில் ஓங்கி அறைந்தாள். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் விறைத்து நின்றது.

"யார் பாத்த வேலை இது? இப்பவே தெரியணும் எனக்கு."

வகுப்பில் 'ரேடியோ' என்று பெயரெடுத்த பெண்கூட இன்று ஒலிபரப்பை நிறுத்தியிருந்தாள்.

இன்றைக்குப் பார்த்தா இது நடக்க வேண்டும்? இன்னும் சற்று நேரத்தில் புரவலர் வருகிறார். இந்த அறை, அலமாரிகள், மின்விசிறி, ஆசிரியையின் சம்பளம், எல்லாம் அவர் கொடுப்பவை. பிள்ளைகள் எதை விரும்பிப் படிக்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் நூலகம் நடக்குமா என்று இன்று சொல்லப்போகிறார். நடக்காவிட்டால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதற்காகவே கரும்பலகையில் அழகான எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். பேய்க்கதைகளுக்கு மூன்றாம் இடம். துப்பறியும் கதைகளுக்கு இரண்டாம் இடம். முதலிடம் முதலுதவிக் கையேட்டுக்கு.

தலைமையாசிரியர் காலையிலேயே அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அழித்துவிட்டுக் கௌரவமாக ஏதாவது எழுதச் சொன்னார். அவள் அழிக்கவில்லை.

"என் பிள்ளைங்கள்ல பாதிப் பேர் டாக்டராகப் போறாங்க, பாருங்க சார்" என்று மார்தட்டிவிட்டு வந்திருந்தாள்.

அந்தக் கையேட்டின் முதல் காப்பியில் அந்தத் தாள் காணாமல் போனபோது வாயை மூடிக்கொண்டு, அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு காப்பி வாங்கினாள். அதற்கும் அதே கதி.

"டாக்டருங்க மூஞ்சியைப் பாரு! திருட்டு மூஞ்சி. உண்மையைச் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் இங்க கால் வைக்கக் கூடாது. பேய்க்கதையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

ரேடியோ முன்னால் வந்தாள். "ஷெட்டுல ஒட்டியிருக்கோம் மிஸ்."

"எந்த ஷெட்டுல?"

"பாட்டில் கழுவுற ஷெட்டு. ஸ்கூல் விட்டதும் நாங்க அங்கதானே மிஸ் போறோம். எங்க அம்மாங்களும் அங்கதான்."

ஆசிரியைக்கு அது தெரியாது. மணி அடித்ததும் இதுகள் அடித்துப் பிடித்து ஓடுவது விளையாட என்று நினைத்திருந்தாள்.

முதன்முறையாக, கிழிந்த தாளில் என்ன இருந்தது என்று யோசித்தாள். பாட்டில் கழுவும் காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் என்ன செய்வது என்று இருந்தது. கசக்கக் கூடாது. இமையை விரித்துப் பிடித்து, நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"எழுதிட்டுப் போய் ஒட்ட வேண்டியதுதானேடி? புத்தகத்தையா கிழிப்பாங்க?"

"அங்க பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது மிஸ். இதுல படம் இருக்கு."

"சரி, ஒரு தடவை கிழிச்சீங்க. ரெண்டாவது தடவை எதுக்கு?"

"முதல்ல ஒட்டினதை ஓனர் பிச்சு எறிஞ்சுட்டாரு. சரக்கு எடுக்க வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்கன்னு கத்தினாரு. அடுத்த வாரமே இவங்க அம்மா கண்ணுல தெறிச்சிருச்சு. தெரியாம கசக்கிட்டாங்க."

ரேடியோ கை காட்டிய திசையில், மூக்கை உறிஞ்சிய பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு கண்ணு போயிருச்சு மிஸ்" என்றாள் ரேடியோ.

ஆசிரியைக்கு இவ்வளவு நேரம் பிள்ளைகள்மேல் கொட்டிய கோபம் போதாது, இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. அந்த ஆள் மட்டும் இப்போது கையில் கிடைத்தால்!

"யாருடி அந்த ஓனர்?"

எல்லோரும் நிமிர்ந்து, அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார்கள்.

அவளும் திரும்பினாள். காலையில் அவளே துடைத்து மாட்டிய படத்தில் புரவலர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பேச்சுச் சத்தம். தலைமையாசிரியர் முதுகை வளைத்து வழிவிட, படத்திலிருந்த அதே ஆள் உள்ளே வந்தார். பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள். அவர் கரும்பலகையைப் படித்தார்.

"அடடே, முதலுதவியா? பேஷ், பேஷ்! எங்க, அந்தப் புத்தகத்தைக் காட்டுங்க."

மேசையில் கிழிந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்ட தலைமையாசிரியர், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் புத்தகத்தைக் கொடுத்தாள்.

அது கிழிந்த இடத்தில் தானாகத் திறந்துகொண்டது.

புரவலர் அந்த மிச்சத் தாளை விரலால் தடவினார். சிரிப்பு அப்படியே இருந்தது. எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

தலையைத் தூக்கி, வரிசையில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். ரேடியோவிடம் வந்ததும் பார்வை நின்றது.

ஆசிரியை இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"கிழிச்சது நான்." ஐயா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. "நீ பிச்சுப் போடு. நான் மறுபடியும் கிழிப்பேன்."